காவிரி வழியே கடற்கரைக்கு: ஒரு விடுமுறைப் பயணத்தின் வரலாற்றுப் பின்புலம்

பயணம் செய்வோர்க்கு வழிகூறும் இலக்கியத்தை ஒரு தனி வகையாகவே வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கும் பொருநர், பாணர், கூத்தர் ஆகியோரை வள்ளல்களிடம் வழிப்படுத்துவன. எவ்வழி செல்லவேண்டும், எந்த ஊரில் தங்கவேண்டும், அங்கு வாழ்வோர் யாவர், அவர் என்ன உணவு தருவர், போய்ச் சேருமிடத்தில் காணத்தக்கது யாது என்பனவற்றை அவை முறைப்படச் சொல்கின்றன. இன்று விடுமுறைப் பயணத்திற்குத் திட்டமிடுவோர் கேட்கும் வினாக்கள் யாவும் அவற்றுள் விடை பெற்றுள்ளன.

அவற்றுள் சிறுபாணாற்றுப்படை கடற்கரைப் பயணத்தைக் காட்டும் நூலாதல் இங்குக் குறிக்கத்தக்கது. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டிற்குப் பாணனை ஆற்றுப்படுத்தும் புலவர், முதலில் அவனை எயிற்பட்டினத்துக் கடற்கரை வழியே நடத்துகின்றார். அங்கே நுளையர் தரும் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். அடுத்து வேலூரில் எயினர் குடியில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும். பின்னர் ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும். ஊர்களை அவற்றின் உணவாலும் மக்களாலும் அறியச்செய்து, அதன் பிறகே கிடங்கில் என்னும் தலைநகரைக் காட்டுகின்றார் நத்தத்தனார். பெரும்பாணாற்றுப்படையோ நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தையும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கு எரியும் உயர்ந்த மாடத்தையும் காட்டுகின்றது. அத்துறை மாமல்லபுரத்தை ஒட்டியது எனக் கருதுவாரும் உளர்.

இந்நூல்கள் உணர்த்தும் முறை ஒன்றுண்டு. சேரிடம் வழியினின்றும் பிரிக்கத்தக்கது அன்று. வழியை அறிந்தவனுக்கே சேரிடம் விளங்கும். சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பழமையையும் கடற்கரையையும் ஒருங்கே காண விரும்புவோர்க்கு இம்முறையே இன்றும் ஏற்றது. தமிழகக் கடற்கரையின் பழந்துறைமுகங்கள் பலவும் கடலால் மட்டும் உண்டானவை அல்ல. உள்நாட்டு மலைகளும் ஆறுகளும் பட்டறைகளும் அவற்றை வாழ்வித்தன. கடற்கரையில் நின்று கடலை மட்டும் நோக்குவோர்க்கு அத்துறைமுகங்கள் வெற்று மணலாகவே தோன்றும்.

இரண்டு புதுச்சத்திரங்கள்

நாமக்கல்லுக்கு வடக்கே, சேலம் நெடுஞ்சாலையில் உள்ளது புதுச்சத்திரம். பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் மனையைத் தாங்கிய ஊர் இது. கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை நிற்கின்றது. இதே பெயருடைய மற்றோர் ஊர் கடலூர் மாவட்டத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் இருப்புப்பாதையில், பரங்கிப்பேட்டைக்கு அருகே உள்ளது. அவ்வூரினின்றும் கடல் சிறு தொலைவே. ஒன்று மேட்டு நிலத்து ஊர். மற்றொன்று நெய்தல் நிலத்தை ஒட்டிய ஊர். வழிநடைப் பயணிகளுக்குத் தங்குமிடம் அமைத்தலை அறமாகக் கொண்ட ஒரு காலத்தின் நினைவை இரு பெயர்களும் சுமந்து நிற்கின்றன.

இவ்விரு பகுதிகளையும் இயற்கையே இரண்டு ஆற்றுவழிகளால் இணைத்துள்ளது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. அக்காவிரி பூம்புகாரில் கடலை அடைகின்றது. இது தென்வழி. சேலம் பகுதி மலைகளினின்றும் கிழக்கு நோக்கி இறங்கும் வசிட்ட நதியும் சுவேத நதியும் ஒன்றாகி, வெள்ளாறு என்னும் பெயருடன் பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. இது வடவழி. தென்வழியாகச் சென்று வடவழியாக மீள்வதே இப்பயணத்திற்கு உகந்த முறையாகும்.

நாமக்கல் முதல் புகழூர் வரை

பயணத்தின் முதற் காட்சி நாமக்கல் மலையடிவாரத்திலேயே தொடங்குகின்றது. அம்மலையின் இருபுறத்தும் குடையப்பட்ட நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. அதியர் மரபினனான குணசீலன் இவற்றோடு தொடர்புடையவன் என்பதைக் கல்வெட்டு காட்டுகின்றது. அதியேந்திர விஷ்ணுகிருகம் என்னும் பெயர் அதிற் காணப்படுகின்றது. ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் குலப்பெயர், சங்ககாலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்னரும் இப்பகுதியில் நிலைத்திருந்தமைக்கு இது சான்று. அரங்கநாதர் குடைவரையில் திருமால் அரவணையில் பள்ளிகொண்டிருக்கும் காட்சி பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளது. கடலை என்றும் காணாத உழவனுக்கும் பாற்கடல் என்னும் கற்பனையைக் கண்முன் நிறுத்திய படைப்பு இது.

நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக்கரையில் மோகனூர் உள்ளது. 1888இல் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர் இது. நாமக்கல் கவிஞர் என நாடறிந்த அவருக்கும் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரணியம் கடற்கரைக்கு உப்பு எடுக்க நடந்தனர். அவர்கள் பாடிச்சென்ற வழிநடைப் பாடல் இக்கவிஞர் இயற்றியது. தலைமை தாங்கியவர் சேலத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். பாட்டு ஈந்தவர் மோகனூரார். உள்நாட்டுச் சமவெளியின் இருவர் ஒரு கடற்கரை ஊரை விடுதலை வரலாற்றில் நிலைபெறச் செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் ஆற்றுப்படை என்று அப்பாடலைக் கூறுதல் மிகையாகாது.

பரமத்திவேலூர்க்கு நேரே காவிரியைக் கடந்தால் புகழூர். அங்கே வேலாயுதம்பாளையத்தை ஒட்டிய ஆறுநாட்டார் மலைக் குகையில் சமண முனிவர்க்குச் செய்தளித்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. 1960களில் ஐராவதம் மகாதேவன் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டதன் பின் இவற்றின் சிறப்பு உலகறிந்தது. கோ ஆதன் செல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையினர் இங்குக் குறிக்கப்பெறுகின்றனர். இவர்களைப் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு ஒன்றுபடுத்துவர் அறிஞர். ஏட்டில் மட்டும் இருந்த அரசர் கல்லிலும் இருந்தமை தெளிவாயிற்று. சேரர் வஞ்சி கருவூரே என்பாரும், மேலைக்கடற்கரையில் உள்ளதே என்பாரும் நெடுநாள் வழக்காடினர். அவ்வழக்கில் இக்குகை பேசும் சான்றை எவரும் புறக்கணித்தல் இயலாது.

இரு பொன்வாணிகர்

புகழூர்க் கல்வெட்டுகளுள் ஒன்று அரசனைப் பற்றியது அன்று. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பான் செய்தளித்த இருக்கையைக் குறிப்பது. ஒரு நகரத்து வணிகன் தன் ஊரையும் தொழிலையும் பெயரையும் பாறையில் பொறித்துச் சென்றான். காவிரியின் மறுமுனையில் இதற்கு இணையான மற்றொரு குறிப்பு உள்ளது. முல்லைப்பாட்டின் ஆசிரியர் பெயர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என்பது. ஆற்றின் மேற்கே ஒரு பொன்வாணிகன், ஆற்றின் முகத்திலே ஒரு பொன்வாணிகனார். முன்னவன் கல்லில் நின்றான். பின்னவர் தம் மகனின் பெயரில் நின்றார். இருவரும் சம காலத்தவர் என்றோ ஒருவரையொருவர் அறிந்தவர் என்றோ கூறுதற்கு ஆதாரம் இல்லை. ஆயினும் ஒரே ஆற்றின் இரு முனைகளிலும் ஒரே தொழில் ஓங்கியிருந்தமை, அவ்வாற்றுவழி வணிகத்தின் வளத்தை உணர்த்துவதாம். துறைமுக வணிகர் வீட்டில் பிறந்த நப்பூதனார், கடலைப் பாடாமல் காட்டையும் கார்காலத்தையும் பாடினார் என்பது இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. நெய்தல் நகரத்தானுக்கு முல்லை நிலம் தொலைவில் இருந்ததில்லை.

இவ்வணிகத்தின் பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் விடை தருகின்றது. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரில் 1985 முதல் பல பருவங்களில் நடைபெற்ற அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், பச்சைக்கல், பளிங்கு முதலியவற்றை மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்களையும், பெயர் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. நொய்யல் காவிரியில் கலக்கின்றது. கருவூரை ஒட்டிய அமராவதி ஆற்றுப் படுகையிலோ உரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பொருள் இறங்கிய வழியில் பொன் ஏறியது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகாரின் தெருக்களிற் குவிந்த பண்டங்களை நிரல்படக் கூறுமிடத்தில், கடல்வழி வந்த குதிரைகளையும், மேற்கு மலையின் சந்தனத்தையும் அகிலையும், தென்கடல் முத்தையும், கீழ்க்கடல் பவளத்தையும், கங்கை வளத்தையும், ஈழத்து உணவையும் சொல்லும்போதே காவிரியின் பயனையும் சேர்த்துச் சொல்கின்றார். அச்சொல்லுக்குள் கொங்குச் சமவெளியின் உழைப்பும் அடங்கும். உள்நாட்டிலிருந்து புகாருக்குச் செல்பவர் விருந்தினராகச் செல்வதில்லை. தம் முன்னோர் பொருள் அனுப்பிய ஊருக்கே செல்கின்றனர்.

இவ்வணிகத்தின் மறுகரை செங்கடலில் உள்ளது. எகிப்து நாட்டுக் குசைர் அல் கதீம் என்னுமிடத்தில் கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. அதற்குத் தெற்கே பெரனிகே என்னும் பழந்துறையில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ அளவு மிளகு அகழ்ந்தெடுக்கப்பட்டது. அச்செங்கடற்கரையும் இன்று உலகத்தார் நீராடிக் களிக்கும் விடுமுறைக் கடற்கரையே.

புகாரில் காண்பதும் காணாததும்

கருவூரிலிருந்து உறையூர், கல்லணை, கும்பகோணம், மயிலாடுதுறை என ஆற்றோடு ஒழுகிச் செல்லும் வழி, கோவலனும் கண்ணகியும் மேற்கு நோக்கி நடந்த வழியின் எதிர்த்திசை. உறையூரின் பெயரைக் கிரேக்கர் அர்கரு எனக் குறித்து, அங்கிருந்து சென்ற மெல்லிய ஆடைகளைப் போற்றினர். கல்லணையைக் கரிகாலன் பணியென மரபு கூறும். 1804க்குப் பின் ஆங்கிலேயப் பொறியாளர் அதனைச் செப்பம் செய்தனராயினும், மணற்படுகையில் கல்லைக் கிடத்தி அணைகோலிய அடிப்படை அறிவு பழந்தமிழரது.

மயிலாடுதுறையைக் கடந்து பூம்புகாரை அடைவோர் பலர்க்கு முதலில் நேர்வது ஏமாற்றம். நெஞ்சில் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் நாளங்காடியும் அல்லங்காடியும் நிறைந்திருக்கும். கண்முன் இருப்பதோ கரையில் கொட்டிய கருங்கற்கள், மீனவர் படகுகள், ஓர் ஓடையளவே ஒடுங்கிய காவிரி. ஆற்றுநீரின் பெரும்பகுதி கொள்ளிடத்திலும் பாசனக் கால்வாய்களிலும் பிரிந்துவிடுதலால், மேலையூர்க் கடைமடை அணையைத் தாண்டிக் கடலை அடைவது சிறிதளவே. 1973இல் எழுந்த ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் காப்பியக் காட்சிகளைக் கற்சிற்பங்களாகத் தருகின்றது; அது காப்பியத்தின் நினைவுச்சின்னமேயன்றிப் பழநகரின் எச்சமன்று. “இங்கு ஒன்றுமில்லை” எனச் சொல்லி மாலைக்குள் திரும்புவோர் மிகப் பலர்.

உள்ளது கடற்கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கின்றது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் இந்தியத் தொல்லியல் துறையினர் இப்பகுதியில் அகழாய்வு செய்தனர். கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை மேடை ஒன்றும், படகுகளைக் கட்டுதற்கு நட்ட மரக்கம்பங்களின் அடியும் வெளிப்பட்டன. மரத்தின் காலத்தைக் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் காட்டியது. வாணகிரியில் நீரைத் தேக்கி விட்ட செங்கல் மதகமைப்பும், பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரையும், அதில் வழிபட்ட புத்தபாதக் கல்லும் கிடைத்தன. பாலி மொழியில் நூல் செய்த புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரையில் வாழ்ந்தவர் என்பதை ஒப்பிட்டு நோக்கினால், மணிமேகலை காட்டும் பௌத்தப் புகார் கற்பனை மட்டுமன்று என்பது புலனாகும். படகுத்துறை இன்று வயல்களுக்கிடையே உள்ளது. ஆறும் கரையும் இடம் மாறியதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

எனவே பூம்புகாரில் முதலில் காணவேண்டியவை கீழையூரும் பல்லவனீச்சுரமும், கடல் இறுதியில். இவ்வொழுங்கு மாறினால் ஊரே மறைந்துவிடும்.

கடலுள் நடைபெற்ற ஆய்வுகளும் உண்டு. 1980களிலும் 90களிலும் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் தொல்லியல் அறிஞரும் இக்கரையோரக் கடலில் ஆய்ந்தனர். ஆழங்குறைந்த பகுதிகளில் செங்கற் கட்டுமானச் சிதைவுகளும் செதுக்கிய கற்களும் கண்டறியப்பட்டன. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஓர் அமைப்புத் தென்பட்டது. அதனைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான நகரமெனக் கூறுவாரும் உளர். இயற்கையாய் அமைந்த பாறையாகலாம் என ஐயுறுவாரும் உளர். அகழ்ந்து நிறுவப்பட்ட பழமையே இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு அளவினது. அப்பெருமை போதாதென்று நிறுவப்படாததை முழங்குவது, நிறுவப்பட்டதன் மதிப்பையும் குறைத்துவிடும். பாட்டில் உயர்வுநவிற்சி அணி. வரலாற்றில் அது பிழை. புலவர் மரபில் வந்தோர் இவ்வேறுபாட்டைப் பேணுதல் கடமை.

தரங்கம்பாடி காட்டும் அளவுகோல்

புகாரைக் கடல்கொண்டதற்கு மணிமேகலை ஒரு காரணம் கூறுகின்றது: இந்திரவிழா எடுக்கத் தவறியமை. இதனை வரலாறாகக் கொள்வதா, புனைவெனத் தள்ளுவதா என்னும் வினாவுக்குத் தெற்கேயுள்ள தரங்கம்பாடி ஓர் அளவுகோலாக அமைகின்றது.

அங்குள்ள மாசிலாமணி நாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எடுக்கப்பட்டது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்கின்றது. கரையிலிருந்து விலகிக் கட்டப்பட்ட அக்கோயிலை அலைகள் அணுகி, மண்டபங்களை ஒவ்வொன்றாக வீழ்த்தின. அது ஓரிரவில் நேர்ந்த அழிவன்று. தலைமுறை தலைமுறையாக நேர்ந்த அரிப்பு. அதே ஊர், 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை சில நிமிடங்களில் செய்ததையும் கண்டது. நாகை, கடலூர் கரைகளில் அன்று ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆகவே கடல் மெல்லவும் கொள்ளும், ஒருங்கேயும் கொள்ளும். புகார் எவ்வாறு மறைந்தது என்பதை இவ்விரு வழிகளையும் வைத்தே எண்ணவேண்டும். காப்பியம் கூறும் காரணம் புலவரது. நிகழ்ச்சி நிகழக்கூடாதது அன்று.

தரங்கம்பாடி தமிழ் நூலச்சின் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் தேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715க்குள் அச்சிட்டு முடித்தார். 1845இல் தேனியர் இவ்வூரை ஆங்கிலேயரிடம் விற்று நீங்கினர். மஞ்சள் நிறக் கோட்டையும் மணற்கரையும் ஒருங்கே அமைந்த இவ்வூர், பழமையும் கடலும் வேண்டுவோர்க்கு ஓரிரவு தங்குதற்கு ஏற்றது.

வெள்ளாற்று முகத்தில் சேலத்து இரும்பு

தரங்கம்பாடியிலிருந்து வடக்கே திரும்பிச் சிதம்பரம் கடந்தால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளும், அவற்றை அடுத்து வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையும் வரும். சுரபுன்னையின் வேர்ப்பந்தலினூடே படகிற் செல்வோர், 2004இல் தம் பின்னிருந்த குடியிருப்புகளுக்கு இக்காடுகள் அரணாக நின்றதை நினைவுகூர்தல் நன்று.

பரங்கிப்பேட்டையில் 1781 சூலை 1 அன்று ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சேலத்தார்க்கு அதனினும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிச் சேலம் பகுதியின் இரும்புத் தாதுவை அறிந்திருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார், 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையை நிறுவினார். மரக்கரியால் எரியும் ஊதுலைகளை இந்தியாவில் முதன்முதல் பெரிய அளவில் இயக்க முயன்ற தொழிற்சாலை அது. அதற்கான தாது சேலத்து மலைகளிலிருந்து வந்தது. வண்டிகளில் காவிரிக்கரை சேர்ந்து, பரிசல்களில் ஆற்றோடு இறங்கிக் கொள்ளிடம் வழியே கடற்கரையை அடைந்தது. அங்கு உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மரக்கரி அரிதாயிற்று, காடுகள் குறைந்தன, செலவு மிகுந்தது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. தாது விளைந்த கஞ்சமலையின் அடிவாரத்திலேயே பின்னாளில் சேலம் உருக்காலை அமைந்தது.

கொடுமணல் உலைகளுக்கும் ஹீத்தின் ஊதுலைகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். வணிகர் மாறினர், ஆட்சிகள் மாறின, கப்பல்கள் மாறின. மலையின் இரும்பு ஆற்றுவழியே கடலுக்குச் செல்லும் வழக்கம் மாறவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கொடுமணலில் உருக்கியவன் தன் பெயரைப் பானையில் எழுதிவைத்தான். பரிசலில் தாது ஏற்றிய சேலத்து உழைப்பாளியின் பெயரை எந்த ஏடும் காக்கவில்லை.

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடற்கரைப் புதுச்சத்திரம். அதனையடுத்த சாமியார்பேட்டைக் கடற்கரை அகன்ற மணற்பரப்புடையது, கூட்டமில்லாதது. மேட்டுநிலப் புதுச்சத்திரத்தினின்றும் புறப்பட்டவர் மாலைப்பொழுதைக் கழித்தற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. வங்கக்கடல் இப்பகுதியில் அலை வலிது. ஆழ்ந்து நீராடுதல் தகாது. கரையோரம் நின்று காலை நனைத்தலே போதிய இன்பம்.

அரிக்கமேடும் மீளும் வழியும்

இன்னும் வடக்கே, புதுச்சேரிக்குத் தெற்கில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. பெரிபுளூஸ் நூல் கூறும் பொதுகே இதுவே என்பர். 1945இல் மார்ட்டிமர் வீலரும், அதன்பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கு அகழ்ந்தனர். இத்தாலியிலிருந்து வந்த செந்நிற மட்கலங்களும், மதுச்சாடிகளும், இங்கேயே செய்த கண்ணாடி மணிகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. உரோமானியப் பொருள்களுக்குத் தென்னிந்திய மண்ணடுக்குகளில் காலம் வரையறுக்க முதல் வழி திறந்தது இங்கேதான். இங்கும் மேலே தெரிவது மாந்தோப்பும் ஒரு பழஞ்சுவரும். அகழ்ந்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணவேண்டும்.

அங்கிருந்து கடலூர், விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் மீளலாம். இருப்புப்பாதையும் உண்டு. இவ்வழி நெடுகிலும் வெள்ளாறும் அதன் கிளையாறுகளும் துணைவரும். இறங்கியது காவிரியோடு, ஏறுவது வெள்ளாற்றோடு.

இப்பயணத்திற்கு ஐந்து நாள்கள் போதும். முதல்நாள் நாமக்கல், மோகனூர், புகழூர், கருவூர். இரண்டாம் நாள் உறையூர், கல்லணை, கும்பகோணம். மூன்றாம் நாள் முழுவதும் புகார், இரவு தரங்கம்பாடி. நான்காம் நாள் பிச்சாவரம், பரங்கிப்பேட்டை, கடற்கரைப் புதுச்சத்திரம். ஐந்தாம் நாள் அரிக்கமேடு கண்டு மீளுதல்.

காலத்தேர்வும் கருதத்தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இக்கரையைத் தாக்கும். சித்திரை முழுநிலாவில் புகாரில் இந்திரவிழா நினைவுகூரப்படினும் வெயில் கடிது, ஆறு வறண்டிருக்கும். மேட்டூர் அணையை சூன் 12இல் திறந்து சனவரி 28இல் மூடுதல் நெடுங்கால வழக்கு. ஆதலின் பொங்கலுக்குப் பின்னர், சனவரி இறுதிக்கு முன்னர் அமையும் இரண்டு வாரங்களே மழை ஓய்ந்த கரையையும் நீருள்ள காவிரியையும் ஒருங்கே காணத்தக்க காலம். வயல்களில் சம்பா அறுவடையும் அப்போது நடைபெறும்.

சங்கப் புலவர் பாணனுக்கு வழிசொன்னபோது, தாம் சென்று கண்ட வழியையே சொன்னார். புகாரைப் பாடும் கவிஞர் இன்றும் பலர். கீழையூர்ப் படகுத்துறையின் செங்கல்லைக் கண்ட கண்ணோடு பாடுவோர் சிலரே. பத்தாண்டு நிறைவெய்தும் இலக்கிய வட்டத்தின் அன்பர்கள் ஒரு தைத்திங்களில் இவ்வழி ஒருமித்துச் சென்று மீள்வாராயின், அடுத்த பத்தாண்டின் பாடல்களில் காவிரி கடலைச் சேரும் இடம் ஏட்டறிவாக மட்டும் இராது. கண்டறிந்த உண்மையாகவும் விளங்கும்.